பூட்டுச் சட்டத்தை உடைத்த பேராசிரியர்: பிராங் ஸ்கொட்டின் வாழ்வு

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்

மொன்றியல் தீவின் வடமேற்குக் கரையிலே, பிரெய்ரி ஆற்றை அண்டிக் கிடக்கும் பியர்பொன்ட்ஸ் பகுதியில் எம்மவர் குடும்பங்கள் வீடு வாங்கிக் குடியேறி ஆண்டுகள் பலவாகிவிட்டன. பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படித்துப் பட்டம் பெற்றுவிட்டனர். ஆயினும், இரவில் வாசற்கதவு எதிர்பாராமல் தட்டப்பட்டால் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிடும் பெற்றோர் இன்றும் இவ்வீடுகளில் இருக்கின்றனர். அந்தத் திடுக்கம் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பின் விடுதி அறைகளிலிருந்தும் எம்முடன் கடல் கடந்து வந்தது. அதற்கு ஒரு சட்டப் பெயரும் உண்டு. 1979ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலங்கைப் பாராளுமன்றம் மூன்றாண்டுகளுக்கென்று நிறைவேற்றி, 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டமே அது.

எம்மிற் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நாம் தஞ்சம் புகுந்த இந்த மொன்றியல் நகரிலும், நீதிமன்றத்தின் வாசலையே மிதிக்காமல், அமைச்சர் ஒருவரின் கையொப்பத்தோடு பொலிசார் ஒருவரது வீட்டைப் பூட்டி முத்திரையிட்டுச் செல்லும் காலம் ஒன்று இருந்தது. இருபது ஆண்டுகள் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. அதனை உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வீழ்த்திய சட்டத்தரணிகளுள் முதன்மையானவர் மக்கில் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியரும் கவிஞருமான பிராங் ஸ்கொட் ஆவார். 1985இல் மறைந்த அவரது வாழ்வு, எம் போன்ற அகதிச் சமூகம் அறிந்திருக்க வேண்டிய வாழ்வாகும். அவர் வென்ற வழக்குகளுக்காக மட்டுமன்றி, அவர் தடுமாறிய இடத்திற்காகவும் அதனை அறிந்திருத்தல் நன்று.

பாதிரியாரின் மைந்தர்

பிரான்சிஸ் ரெஜினோல்ட் ஸ்கொட் 1899ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி கியூபெக் நகரிலே பிறந்தார். தந்தையார் பிரெடெரிக் ஜோர்ஜ் ஸ்கொட் அங்கிலிக்கன் திருச்சபையின் பாதிரியார். கவிஞராகவும் பெயர் பெற்றவர். பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நகரில், ஆங்கிலம் பேசும் சிறுபான்மைக் குடும்பமொன்றில் வளர்ந்தமையால், பெரும்பான்மை, சிறுபான்மை என்னும் சொற்களின் பொருளைச் சிறுவயதிலேயே அவர் உணர்ந்திருந்தார்.

முதலாம் உலகப்போர் அக்குடும்பத்தைக் கடுமையாகத் தாக்கியது. தந்தையார் படைக் குருவாகப் பிரான்சுக்குச் சென்றார். பிராங்கின் தமையன்மாருள் ஒருவர் 1916இல் சொம் போர்க்களத்தில் மாண்டார். மைந்தனின் உடலைத் தந்தையே போர்முனைக்குச் சென்று தேடிக் கண்டெடுத்து அடக்கம் செய்தார். இளமையில் நேர்ந்த வெடிவிபத்தொன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்திருந்தமையால் பிராங் படையிற் சேரமுடியவில்லை.

போரினின்று மீண்ட அந்தப் பாதிரியார், 1919இல் வினிபெக் நகரில் தொழிலாளர் பொதுவேலைநிறுத்தம் செய்தபோது அங்கே சென்று அவர்கள் பக்கம் நின்றார். படையில் தம்முடன் இருந்தவர்கள் வேலையின்றி வாடுவதைக் கண்டு அவரால் வாளாவிருக்க முடியவில்லை. தாம் உடன்படாத அரசியலைக் கொண்டோருக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்னும் பாடத்தை மகன் முதலிற் கற்றது தந்தையாரிடமே எனலாம்.

1920இல் ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சென்று வரலாறு கற்ற பிராங், 1923இல் நாடு திரும்பி மொன்றியலில் ஆசிரியப் பணியேற்றார். அடுத்த ஆண்டே மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலத் தொடங்கினார். மாணவராக இருந்தபோதே நண்பர்களுடன் சேர்ந்து இலக்கிய இதழொன்றை நடத்தினார். கனடிய ஆங்கிலக் கவிதையில் புதுமை புகுந்த வாயில்களுள் ஒன்றாக அவ்விதழ் இன்றும் பேசப்படுகின்றது. 1928இல் அதே பல்கலைக்கழகத்தின் சட்டபீடத்தில் விரிவுரையாளரானார். அவ்வாண்டிலேயே ஓவியர் மரியன் டேலை மணந்தார்.

அமைதியான வேலை, நிலையான சம்பளம், கவிதை, நண்பர்கள் என்று அவரது வாழ்வு கழிந்திருக்கலாம். ஆனால் 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. மொன்றியல் வீதிகளில் வேலையற்றோர் வரிசை நீண்டது.

98ஆம் பிரிவு

வினிபெக் வேலைநிறுத்தத்தைக் கண்டு அஞ்சிய கனடிய அரசாங்கம் 1919இல் குற்றவியற் சட்டத்திற் புதிய விதியொன்றைச் சேர்த்தது. பின்னர் அதுவே 98ஆம் பிரிவு எனப்பட்டது. வன்முறையால் அரசியல் மாற்றத்தை ஏற்படுத்த வேண்டுமெனப் போதிக்கும் சங்கங்களைச் சட்டவிரோதமாக்குவது அதன் நோக்கம். அத்தகைய சங்கத்தின் உறுப்பினருக்கு இருபது ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கூட்டமொன்றிற்குச் சென்றிருந்தாலோ, ஆதரித்துப் பேசியிருந்தாலோ, துண்டுப்பிரசுரம் விநியோகித்திருந்தாலோ அவர் உறுப்பினர் என்றே கொள்ளப்படுவார். தாம் உறுப்பினர் அல்லர் என்பதை அவரே நிரூபிக்க வேண்டும்.

வாசகர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்கலாம். குற்றத்தை நிரூபிக்கும் பாரம் அரசின் தோளில் இருப்பதே சாதாரண சட்டத்தின் மரபு. அந்தப் பாரத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில் ஏற்றுவது பாதுகாப்புச் சட்டங்கள் பலவற்றின் பொதுவான வழிமுறை. இலங்கையின் 1979ஆம் ஆண்டுச் சட்டமும் உயர்நிலைப் பொலிஸ் அதிகாரியிடம் அளிக்கப்பட்ட வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்பதைக் கைதியே நிரூபிக்க வேண்டும் என்றது. பூட்டிய அறைக்குள் நடந்ததைக் கைதி எவ்வாறு நிரூபிப்பார் என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் விடையில்லை.

1931 ஆகஸ்டில் ரொறன்ரோவில் ரிம் பக் முதலான கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 98ஆம் பிரிவின்கீழ்க் கைதாகிச் சிறையிடப்பட்டனர். மொன்றியலில் பொலிசார் கம்யூனிஸ்டுகளின் கூட்டங்களைத் தடியால் கலைத்தனர். ஸ்கொட் கம்யூனிஸ்ட் அல்லர். அவர்களது கொள்கையை வாழ்நாள் முழுவதும் மறுத்தவர். ஆயினும், நகரின் ஆங்கில நாளிதழுக்கு அவர் கடிதம் எழுதினார். சட்டப்படியான கூட்டத்தைக் கலைக்கும் பொலிசாரே சட்டத்தை மீறுகின்றனர் என்பது அதன் சாரம். கையொப்பத்தின் கீழே மக்கில் சட்டப் பேராசிரியர் என்று குறித்திருந்தது பல்கலைக்கழக மேலிடத்தை முகஞ்சுளிக்க வைத்தது. அதனைப் பொருட்படுத்தாது, மறு ஆண்டு ரொறன்ரோ வழக்கை ஆராய்ந்து விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டார். செயலுக்கன்றி எண்ணத்திற்கே தண்டனை வழங்கும் ஆபத்தை அதிற் சுட்டிக்காட்டினார்.

98ஆம் பிரிவு 1936இல் நீக்கப்பட்டது. அதற்குள் ஸ்கொட் நண்பர்களுடன் சேர்ந்து சமூக மறுசீரமைப்புக் கழகத்தை நிறுவி, 1933இல் ரெஜைனா நகரில் சோசலிசக் கட்சியான சி.சி.எப். தனது கொள்கைப் பிரகடனத்தை வெளியிட்டபோது அதன் உருவாக்கத்திலும் பங்கேற்றிருந்தார். 1942 முதல் 1950 வரை அக்கட்சியின் தேசியத் தலைவராகவும் விளங்கினார். இன்றைய புதிய ஜனநாயகக் கட்சியின் முன்னோடி அதுவே.

வீட்டுக்குப் பூட்டு

98ஆம் பிரிவு நீங்கிய வெற்றிடத்தைக் கியூபெக் மாகாணம் நிரப்பியது. 1936இல் ஆட்சிக்கு வந்த மொரிஸ் டுப்ளெசி, மாகாண முதல்வராகவும் சட்டமா அதிபராகவும் தாமே இருந்தார். 1937 மார்ச்சில் அவரது அரசாங்கம் கம்யூனிசப் பிரசாரத்திற்கு எதிரான சட்டமொன்றை நிறைவேற்றியது. மக்கள் அதனைப் பூட்டுச் சட்டம் என்றே அழைத்தனர்.

கம்யூனிசத்தைப் பரப்பப் பயன்படும் எந்த வீட்டையும் ஓராண்டு வரை பூட்டி வைக்குமாறு சட்டமா அதிபர் கட்டளையிடலாம். அதற்கு முன்னர் நீதிபதி எவரும் அந்த வீட்டாரை விசாரிக்க வேண்டியதில்லை. பூட்டிய பின்னர், தம்மீது பிழையில்லை என்று காட்டும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. கம்யூனிசத்தை ஆதரிக்கும் நூலையோ பத்திரிகையையோ அச்சிட்டால் அல்லது விநியோகித்தால் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. இவ்வளவும் கூறிய சட்டம், கம்யூனிசம் என்றால் என்ன என்பதை மாத்திரம் எங்கும் வரையறுக்கவில்லை. அது மறதியால் நேர்ந்த குறையன்று. பொருள் குறுகிய சொல்லைவிடப் பொருள் விரிந்த சொல்லே ஆட்சியாளருக்கு வாய்ப்பானது. அந்தச் சொல் தொழிற்சங்கத்தையும் தொடும்; வாசிகசாலையையும் தொடும்.

அவ்வாறே நிகழ்ந்தது. பத்திரிகைக் காரியாலயங்கள் பூட்டப்பட்டன. வீடுகளிலிருந்து நூல்கள் அள்ளிச் செல்லப்பட்டன. 1950இல் குடிபெயர்ந்து வந்த யூதத் தொழிலாளரின் அமைப்பொன்று நடத்திய பண்பாட்டு மண்டபத்திற்கும் பூட்டு விழுந்தது. தமது மொழியையும் கலையையும் பிள்ளைகளுக்கு ஊட்டவென்று அந்நியநாட்டில் மண்டபம் கட்டுவதன் அருமையை எமக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

மாகாணச் சட்டத்தை ஓராண்டுக்குள் இரத்துச் செய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருந்தது. வாக்குகளை எண்ணிப் பார்த்த ஒட்டாவா 1938இல் அதனைச் செய்ய மறுத்தது. மொன்றியலில் எழுந்த குடியியல் உரிமை இயக்கத்தில் ஸ்கொட்டும் இணைந்து எழுதினார், பேசினார். பலனேதும் கிட்டவில்லை.

அடுத்து இரண்டாம் உலகப்போர் வந்தது. 1914இல் இயற்றப்பட்ட போர்க்கால நடவடிக்கைச் சட்டம் மீண்டும் விழித்தெழுந்தது. முதற்போரில் அச்சட்டத்தின்கீழ் 8,500க்கு மேற்பட்டோர், பெரும்பாலும் உக்ரேனியக் குடியேறிகள், முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். இரண்டாம் போரில் மொன்றியல் மாநகர முதல்வர் கமிலியன் ஹூட் கூட, ஆட்பதிவை எதிர்த்துப் பேசியமைக்காக 1940 முதல் 1944 வரை விசாரணையின்றி அடைக்கப்பட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் 20,000க்கு மேற்பட்டோர் வீடு வாசல் இழந்து அப்புறப்படுத்தப்பட்டனர்.

பார்க் அவனியூவிலிருந்து ஒட்டாவா வரை

1949 ஜனவரி 27ஆம் திகதி மொன்றியலின் பார்க் அவனியூவில் இருந்த வீடொன்று பூட்டுச் சட்டத்தின்கீழ் மூடப்பட்டது. அங்கே வாடகைக்கு இருந்தவர் ஜோன் சுவிட்ஸ்மன் என்னும் மார்க்சியவாதி. வீட்டுச் சொந்தக்காரர் பிரீடா எல்பிளிங், வாடகை ஒப்பந்தத்தை நீக்கி நட்டஈடு தருமாறு அவர்மீது வழக்குத் தொடுத்தார். பார்வைக்கு அது சாதாரண வாடகைத் தகராறு. ஆனால் சுவிட்ஸ்மன், அந்தப் பூட்டுச் சட்டமே செல்லாது என்று எதிர்வாதம் செய்தார். சட்டம் முழுவதும் விசாரணைக்கு வந்தது.

கீழ் நீதிமன்றத்திலும் மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் சுவிட்ஸ்மன் தோற்றார். உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக ஆபிரகாம் பைனர் என்ற சட்டத்தரணியுடன் ஸ்கொட் தோன்றினார். 1957 மார்ச் 8ஆம் திகதி தீர்ப்பு வெளிவந்தது. ஒன்பது நீதிபதிகளில் எண்மர் பூட்டுச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்றனர். குற்றவியற் சட்டம் ஆக்கும் அதிகாரம் மத்திய பாராளுமன்றத்திற்கே உரியது என்பது பெரும்பான்மையின் அடிப்படை. நீதிபதிகள் மூவர் அதனைக் கடந்து, பாராளுமன்ற ஜனநாயகம் இயங்குவதற்குக் கருத்துச் சுதந்திரம் இன்றியமையாதது என்னும் நிலைப்பாட்டை எடுத்தனர். அப்போது கனடாவில் உரிமைகள் சாசனம் எதுவும் இருக்கவில்லை என்பதை மனங்கொள்ள வேண்டும்.

இருபதாண்டுச் சட்டம் ஒன்று வீட்டு வாடகை வழக்கொன்றினால் வீழ்ந்தது. தனி மனிதர் ஒருவர் விட்டுக்கொடாது நின்றமையும், அவருடைய அரசியலை ஏற்காத சட்டத்தரணி ஒருவர் அவருக்காக நின்றமையும் சேர்ந்தே அதனை இயலுமாக்கின.

ரொன்கரெல்லியின் உணவகம்

இன்று சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருக்கும் கிரெசென்ட் வீதியிலே பிராங் ரொன்கரெல்லி என்பவர் உணவகமொன்றை நடத்திவந்தார். முப்பதாண்டுகளுக்கு மேலாக அக்குடும்பத்திடம் மதுபான அனுமதிப்பத்திரம் இருந்தது. ரொன்கரெல்லி யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய மதப்பிரிவைச் சேர்ந்தவர். கத்தோலிக்கத் திருச்சபையைக் கடுமையாகச் சாடும் பிரசுரங்களை வீதியில் விநியோகித்தமைக்காக அப்பிரிவினர் நூற்றுக்கணக்கில் கைதாகிக்கொண்டிருந்தனர். 1944க்கும் 1946க்கும் இடையில் ஏறத்தாழ 380 பேருக்கு ரொன்கரெல்லி பிணை நின்றார். பிணை நிற்றல் சட்டம் அனுமதித்த செயல். நீதிமன்றமும் அவரது பிணையை ஏற்றே வந்தது.

1946 டிசம்பர் 4ஆம் திகதி அவரது மதுபான அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட்டது. இனி என்றுமே அவருக்கு அது வழங்கப்படமாட்டாது என்றும் கூறப்பட்டது. டுப்ளெசியின் பணிப்பின்பேரிலேயே இது நடந்தது என்பதை முதல்வர் மறைக்கவுமில்லை. பத்திரிகையாளரிடம் அவரே அதனைத் தெரிவித்தார். சில மாதங்களில் உணவகம் மூடப்பட்டது.

முதல்வர்மீது வழக்குத் தொடரச் சட்டத்தரணிகள் பலர் தயங்கிய காலம் அது. ஏ. எல். ஸ்டீன் என்ற சட்டத்தரணி முன்வந்தார். ஸ்கொட் அவருடன் இணைந்தார். கீழ் நீதிமன்றம் 1951இல் ரொன்கரெல்லிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் அது தலைகீழானது. இறுதியாக 1959 ஜனவரி 27ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், முதல்வர் தமது சொந்தப் பொறுப்பில் 33,123 டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்த்தது. எந்த அதிகாரியின் கையில் இருக்கும் அதிகாரமும் எல்லையற்றது அன்று, சட்டம் எதற்காக அந்த அதிகாரத்தைத் தந்ததோ அதற்காக மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம் என்ற கொள்கை அத்தீர்ப்பால் நிலைபெற்றது. கனடாவின் சட்ட மாணவர்கள் இன்றும் அதனைக் கற்கின்றனர்.

அனுமதிப்பத்திரம் பறிபோன நாள் முதல் தீர்ப்பு வரை பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. உணவகம் மீளவில்லை. நீதி வந்தது, பிழைப்பு வரவில்லை. அகதிக் கோரிக்கை விசாரணைக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தோர் இந்த வேறுபாட்டை நன்கு அறிவர்.

இவ்வழக்குகளுக்கு ஸ்கொட் கொடுத்த விலையும் உண்டு. அரசியல் ஈடுபாட்டின் காரணமாகச் சட்டபீடத்தின் தலைமைப் பதவி அவருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1961இல், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பின்னரே, பீடாதிபதியானார். அதன் மறு ஆண்டு, ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லோரன்சின் நாவலொன்றை ஆபாச நூலெனத் தடைசெய்த வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றார்.

1970: தடுமாறிய இடம்

இவ்விடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் ஸ்கொட்டின் வாழ்வு மாசுமறுவற்ற வீரகதையாகிவிடும். ஆனால் உண்மை வேறு.

1960களில் கியூபெக்கின் பிரிவினைக் கோரிக்கை வலுப்பெற்றது. கியூபெக் விடுதலை முன்னணி என்னும் தலைமறைவு இயக்கம் குண்டுகள் வைக்கத் தொடங்கியது. ஸ்கொட் வாழ்ந்த வெஸ்ட்மவுண்ட் பகுதியில் 1963 மே மாதம் தபாற்பெட்டிகளில் குண்டுகள் வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றைச் செயலிழக்கச் செய்ய முயன்ற படைவீரர் படுகாயமுற்று நிரந்தர ஊனமடைந்தார். இருமொழி, இருபண்பாட்டு அரச ஆணைக்குழுவின் உறுப்பினராக இருந்து இரு சமூகங்களையும் இணைக்க ஸ்கொட் பாடுபட்ட ஆண்டுகளும் அவையே.

1970 ஒக்டோபர் 5ஆம் திகதி பிரித்தானிய இராஜதந்திரி ஜேம்ஸ் குரொஸ் மொன்றியலில் கடத்தப்பட்டார். 10ஆம் திகதி மாகாண அமைச்சர் பியர் லப்போர்ட் கடத்தப்பட்டார். 16ஆம் திகதி அதிகாலையில் பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசாங்கம் போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. சமாதான காலத்தில் அது பயன்படுத்தப்பட்டமை அதுவே முதற்றடவை. மறுநாள் லப்போர்ட் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார்.

பிடியாணையின்றிக் கைது செய்யலாம். குற்றச்சாட்டின்றி இருபத்தொரு நாள்வரை தடுத்து வைக்கலாம். மொத்தம் 497 பேர் கைதாகினர். அவர்களுள் 435 பேர் எவ்விதக் குற்றச்சாட்டுமின்றி விடுவிக்கப்பட்டனர். தொழிற்சங்கத்தினர், பாடகர்கள், கவிஞர்கள் எனப் பலதரப்பட்டோர் நள்ளிரவிற் படுக்கையிலிருந்து எழுப்பிச் செல்லப்பட்டனர். கியூபெக்கின் பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நேசித்தவர் ஸ்கொட். அந்தக் கவிதை உலகத்தவர் சிலரும் சிறையிலிருந்தனர். இயக்கத்தின் கூட்டத்திற்குச் சென்றமையே உறுப்பினர் என்பதற்குச் சான்று என்று அவசரகால ஒழுங்குவிதி கூறியது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்கொட் கட்டுரை எழுதிக் கண்டித்த அதே விதி வேறு பெயரில் திரும்பி வந்திருந்தது.

ஸ்கொட் அரசாங்கத்தை ஆதரித்தார்.

அவர் உருவாக்கத் துணைநின்ற கட்சியின் வழித்தோன்றலான புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவர் ரொமி டக்ளஸ், பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்துத் தனித்து நிற்கத் துணிந்தார். நாடெங்கும் வசை கேட்டார். ஸ்கொட்டோ மறுபக்கம் நின்றார். கடத்தலும் கொலையும் மேலோங்கினால் உரிமைகளைக் காக்கும் சட்ட ஒழுங்கே சரிந்துவிடும் என்பது அவரது நிலைப்பாடு. அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. கொலை நிகழ்ந்திருந்தது; குண்டுகள் அவரது அயலிலேயே வெடித்திருந்தன. எனினும் 435 என்னும் எண் அந்த நிலைப்பாட்டிற்கு எதிர்ச்சாட்சியாக நிற்கின்றது.

இதனை ஏன் எழுத வேண்டும்? நாற்பது ஆண்டுகள் உரிமைக்காக வாதாடிய ஒருவரையே அச்சம் மறுபக்கம் சாய்க்க முடியுமாயின், நல்லவர்கள் பதவியில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எல்லையற்ற அதிகாரத்தை ஒப்படைத்துவிட முடியாது. ட்ரூடோவும் இளமையில் ஸ்கொட்டின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவரே. இருவரும் 1956இல் வடக்கே மக்கென்சி ஆற்றிற் சேர்ந்து பயணம் செய்த நண்பர்கள். அதிகாரத்திற்கான கடிவாளம் மனிதரின் நல்லெண்ணத்தில் அன்றி எழுதப்பட்ட சட்டத்தில் இருக்க வேண்டும். இதனையே ஸ்கொட் பல்லாண்டுகளாகத் தம் மாணவர்க்குக் கற்பித்து வந்தார். 1970இல் அவரது சொந்த வாழ்வே அதற்கு உதாரணமாயிற்று.

அவர் விட்டுச்சென்றது

அரசியலமைப்பில் பொறிக்கப்பட்ட உரிமைகள் சாசனம் கனடாவுக்கு வேண்டும் என்பது ஸ்கொட்டின் நீண்டகாலக் கோரிக்கை. 1982 ஏப்ரல் 17ஆம் திகதி அது நிறைவேறியதை முதுமையில் அவர் கண்டார். கட்டுரை நூலுக்காக 1977இலும் கவிதைத் தொகுப்புக்காக 1981இலும் கனடாவின் ஆளுநர் நாயகம் விருது அவருக்குக் கிடைத்தது. 1985 ஜனவரி இறுதியில் மொன்றியலில் அவர் காலமானார். போர்க்கால நடவடிக்கைச் சட்டம் 1988இல் நீக்கப்பட்டு, பாராளுமன்றக் கண்காணிப்புக்கும் சாசனத்திற்கும் கட்டுப்பட்ட அவசரநிலைச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

அவர் மறைந்து இரண்டு மாதங்கள் கடந்து, 1985 ஏப்ரல் 4ஆம் திகதி உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அகதித் தஞ்சம் கோரிய ஏழு பேர் தொடர்ந்த வழக்கு அது. தஞ்சம் கோருவோரை நேரில் அழைத்துக் கேட்காமல் கடதாசியைப் பார்த்து மாத்திரம் நிராகரிப்பது நீதியன்று என நீதிமன்றம் கூறியது. நீதிபதிகளிற் பாதிப்பேர் புதிய சாசனத்தை அடிப்படையாகக் கொண்டு, கனடிய மண்ணில் நிற்கும் எவருக்கும் அதன் பாதுகாப்பு உண்டு என்றனர். 1989இல் தொடங்கிய குடிவரவு, அகதிகள் சபையின் வாய்மொழி விசாரணைகளுக்கு வழிகோலியது அத்தீர்ப்பே. எம்மவர் ஆயிரக்கணக்கில் மொழிபெயர்ப்பாளருடன் அமர்ந்து தம் கதையைத் தாமே சொல்ல முடிந்தமைக்கு அதுவே காரணம்.

பின்னரும் சோதனைகள் வந்தன. பாதுகாப்புச் சான்றிதழின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்ட ஈழத்தமிழர் ஒருவரின் சுரேஷ் வழக்கில், சித்திரவதை நேரக்கூடிய நாட்டிற்கு ஒருவரை அனுப்புவது பொதுவாகச் சாசனத்திற்கு முரணானது என 2002 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் விதிவிலக்கான சூழ்நிலைக்கென ஒரு கதவைச் சற்றே திறந்தும் வைத்தது. 2007இல் மொன்றியல்வாசியான ஷர்காவி தொடர்ந்த வழக்கில், இரகசியச் சாட்சியத்தின்மேல் இயங்கிய சான்றிதழ் முறையை அதே நீதிமன்றம் நிராகரித்தது. 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 தமிழர் தடுத்து வைக்கப்பட்டனர். அதன் பின்னர் 2012இல் நிறைவேறிய சட்டம், அவ்வாறு குழுவாக வருவோரைக் கட்டாயத் தடுப்பில் வைக்க இடமளித்தது.

பாதுகாப்பு என்னும் சொல்லை எந்த அரசும் எளிதிற் கைவிடாது. மக்களுக்கும் பாதுகாப்புத் தேவையே. குண்டு வெடிக்கும் வீதியில் எவரது உரிமையும் வாழாது என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்? ஆதலால் ஒவ்வொரு புதிய சட்டமூலத்திடமும் சில கேள்விகளைக் கேட்கும் பழக்கம் எமக்கு வேண்டும். குற்றம் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளதா? நிரூபிக்கும் பாரம் யார் தலையில்? கைதானவர் எத்தனை நாளில் நீதிபதியின் முகத்தைக் காண்பார்? தற்காலிகம் என்று சொல்லப்படும் சட்டம் எந்த நாளில் முடிவடையும்? இக்கேள்விகளுக்கு விடையில்லாத சட்டம், இன்று எமக்குப் பிடிக்காத ஒருவர்மீது பாய்ந்தாலும், நாளை எந்தக் கதவைத் தட்டும் என்று சொல்ல முடியாது.

பியர்பொன்ட்சிலிருந்து நகர மையத்திற்குச் செல்லும் எம் இளையோர், கிரெசென்ட் வீதியில் நடக்கும்போது ரொன்கரெல்லியை ஒருமுறை நினைக்கலாம். பார்க் அவனியூவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, அங்கே எங்கோ ஒரு வீட்டு வாசலில் தொங்கிய பூட்டையும் நினைக்கலாம். சட்டம் பயில விரும்பும் பிள்ளைகள் எம் வீடுகளிற் பலர் இருக்கின்றனர். தாம் உடன்படாத ஒருவருக்காகவும் நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும் சட்டத்தரணியாக அவர்களுள் ஒருவராவது வருவாராயின், இரவில் கதவு தட்டப்படும் ஓசை கேட்டு அவரது பிள்ளைகள் திடுக்கிட வேண்டியிராது.